இலையும் பொட்டலமும்

ஒரே அடுப்பில் வெந்த சாப்பாடு மேசைக்கு வரும்போது ஓர் உணவாகவும், வாசலைத் தாண்டும்போது வேறோர் உணவாகவும் ஏன் மாறுகிறது? அந்த மாற்றத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

நண்பகல் பன்னிரண்டரை மணியளவில் ரேஸ் கோர்ஸ் சாலையின் உணவகங்களில் வாழையிலைகள் விரிக்கப்பட்டு, அவற்றின்மேல் சோறும் பொரியலும் கூட்டும் அடுத்தடுத்து வந்து விழ, வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுவோர் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அவ்வுணவகங்களின் முகப்பில் வேறொரு வேலை அதைவிட விரைவாக நடந்துகொண்டிருக்கிறது. கொதிக்கும் சாம்பார் சிறு நெகிழிப் பைகளில் ஊற்றப்பட்டு, காற்றோடு சேர்த்து முறுக்கி, ரப்பர் வளையத்தால் கட்டப்படுகிறது; சோறு மூடியிட்ட பெட்டிக்குள் அழுத்தப்படுகிறது; அப்பளம் தனி உறைக்குள் செல்கிறது; தலைக்கவசத்தைக் கழற்றாத விநியோக ஓட்டுநர்கள் கைப்பேசித் திரையிலுள்ள எண்ணைக் காட்டிக் காத்து நிற்கின்றனர். உள்ளே அமர்ந்தவருக்கு இலை, வெளியே இருப்பவருக்குப் பொட்டலம் என ஒரே சமையலறை இரண்டு சாப்பாடுகளைப் படைக்கிறது.

இவை இரண்டும் ஒன்றே, உண்ணும் இடம் மட்டுமே வேறு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. சமைத்த இடத்திலேயே உண்ணப்பட வேண்டிய உணவு என்றும், பயணத்துக்கென்றே அமைந்த உணவு என்றும் இருவகை உண்டு என்பதை மறந்து, முதல் வகையை இரண்டாம் வகைபோல் நடத்தும்போது, சுவை, உடல்நலம், உழைப்பவரின் வருவாய், நகரின் தூய்மை ஆகிய நான்கும் இழப்புக்கு உள்ளாகின்றன. மலாயில் ‘புங்குஸ்’, சீனத்தில் ‘தாபாவ்’, தமிழில் ‘பார்சல்’ அல்லது ‘கட்டிக் கொடுங்கள்’ என்று ஒரே வரிசையில் நின்று மூன்று மொழிகளில் ஒன்றையே கேட்கும் நகரம் சிங்கப்பூர் என்பதால், இந்த இழப்பு இங்கு மற்ற ஊர்களைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு நூற்றாண்டின் மேசை

1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947இல் சிராங்கூன் சாலையில் தொடங்கிய கோமள விலாஸ் ஆகிய சைவ உணவகங்களும், 1969இல் தோன்றிய முத்து’ஸ் கறி, 1974இல் தோன்றிய பனானா லீஃப் அப்போலோ ஆகிய அசைவ உணவகங்களும், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கு முதலில் சோறு போட்டு, பின்னர் சிங்கப்பூரர் அனைவருக்கும் மேசை விரித்தன. கேரளத்தைப் பூர்விகமாகக் கொண்ட எம். ஜே. கோமஸ் என்பவர் சோஃபியா சாலையில் நடத்திய கடையில், மீன் தலையை விரும்பி உண்ணும் சீன வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கியதாகக் கருதப்படும் மீன்தலைக் கறி, பின்னாளில் ரேஸ் கோர்ஸ் சாலையின் அடையாளமாகவே ஆயிற்று. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதும், 2003இல் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் தீவின் பிற பகுதிகளிலிருந்து உண்ண வருவோரின் பாதையை எளிதாக்கின. இவ்வரலாறு முழுவதும் உணவகம் என்பது அமர்ந்து உண்ணும் இடமாகவே இருந்தது. பொட்டலம் அதன் பக்கவாட்டு வேலையாக மட்டுமே இருந்துவந்தது.

கட்டுச்சோறு அறிந்த சமூகம்

எடுத்துச் செல்லும் உணவு தமிழருக்குப் புதியதன்று. கோயில் பயணத்துக்கும் வயல்வேலைக்கும் கட்டிச் செல்லும் கட்டுச்சோறு, தனக்கென இலக்கணம் கொண்ட ஒரு சமையல் வகையாகும். புளியோதரையில் புளியின் அமிலமும் உப்பும் கிருமி வளர்ச்சியைத் தடுக்க, நல்லெண்ணெய் பருக்கைகளை ஒட்டவிடாமல் காக்க, நீர்ப்பசை குறைவாக இருக்க, அது காலையில் கட்டினாலும் மாலைவரை தாங்குகிறது. தயிர்ச்சோற்றில் பாலை மிகுதியாகவும் தயிரைச் சிறிதளவாகவும் சேர்த்துக் கட்டுவது, வழியில் அது மெல்லப் புளித்து, உண்ணும் வேளையில் பக்குவத்தை அடையட்டும் என்பதற்காகவே. பயண நேரத்தையும் சமையலின் ஒரு படியாகக் கணக்கிட்ட அறிவு இது.

இதற்கு நேர்மாறான இலக்கணம் இலைச்சாப்பாட்டினுடையது. உப்பும் ஊறுகாயும் முதலில் வந்து, பொரியலும் கூட்டும் தம் இடத்தைப் பிடித்து, சாம்பார்ச் சோறு முடிந்தபின் ரசமும், ரசம் முடிந்தபின் மோரும் வருவதென்பது, காரத்திலிருந்து புளிப்புக்கும் புளிப்பிலிருந்து குளிர்ச்சிக்கும் நாக்கை அழைத்துச் செல்லும் வரிசையாகும். அவ்வரிசையை நடத்துபவர் பரிமாறுபவர். ‘இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?’ என்று அவர் கேட்கும் கேள்வியும் சாப்பாட்டின் உறுப்பே. பொட்டலத்தில் அனைத்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில், மறுசோறு இன்றி வந்து சேர்கின்றன; போதுமா என்று கேட்பார் அங்கு எவரும் இல்லை.

பெட்டிச் செய்தி: மூடிய பெட்டிக்குள் நிகழ்வது என்ன?

• தோசை: மொறுமொறுப்பு என்பது மேற்பரப்பில் ஈரம் வற்றிய நிலை. மூடிய பெட்டியில் எழும் நீராவி மூடியில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் தோசையின் மேலேயே படிவதால், சில நிமிடங்களில் அது துவண்டுவிடுகிறது.

• இட்லி: ஆறும்போது மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால் விறைக்கிறது, நீராவியில் சூடேற்றினால் பெருமளவு மென்மை திரும்பும்.

• வடை: எண்ணெயில் உலர்ந்த ஓடு, உள்ளிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி மெத்தென்றாகிறது.

• ரசம்: மிளகு, சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றின் மணம் ஆவியோடு வெளியேறுவதால், ஆறிய ரசம் புளிநீராகக் குறைந்துபோகிறது.

• பிரியாணி: வாய் மூடிய பாத்திரத்தில் தம் போட்டுச் சமைக்கப்படுவதாலும், பருக்கைகளில் நெய் படிந்திருப்பதாலும் பயணத்தை நன்கு தாங்குகிறது.

டாக்கோவும் புரிட்டோவும்

இந்த வேறுபாடு தமிழ் உணவுக்கு மட்டும் உரியதன்று என்பதை, லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய கம்போங் கிளாம் வட்டாரம் காட்டுகிறது. அங்கு ஹாஜி லேன் தெருவை ஒட்டிப் பெயர்பெற்ற மெக்சிகோ உணவகம் ஒன்றும், நகரின் பிற பகுதிகளில் அக்கம்பக்கத்தாரை நம்பி நடக்கும் சிறு மெக்சிகோ கடைகளும், கடைத்தொகுதிகளில் ஆஸ்திரேலியாவில் தோன்றிய ‘குஸ்மான் ஈ கோமெஸ்’ போன்ற தொடர்கடைகளும் சிங்கப்பூரருக்கு டாக்கோவையும் புரிட்டோவையும் அறிமுகப்படுத்தியுள்ளன.

டாக்கோ என்பது, உள்ளங்கை அளவுள்ள மக்காச்சோள ரொட்டியின்மேல் இறைச்சியும் வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் காரத் துவையலும் வைத்து, மடித்து உண்ணப்படுவது. ‘டோர்ட்டியா’ எனப்படும் அந்த ரொட்டிக்கான மக்காச்சோளம் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கப்படுகிறது. இம்முறை மணிகளின் தோலை நெகிழச் செய்து, மாவைத் தட்டுவதற்கு இணங்க வைப்பதோடு, உடலுக்குத் தேவையான நியாசின் என்னும் உயிர்ச்சத்தையும் விடுவிக்கிறது. வெற்றிலையோடு சுண்ணாம்பைச் சேர்க்கும் சமூகத்துக்கு, உணவாகும் தானியத்தோடு அதைச் சேர்க்கும் மெக்சிகோ மரபு வியப்பளிக்கக்கூடும். கல்லிலிருந்து எடுத்த டோர்ட்டியா சூட்டோடு இருக்கும்வரைதான் வளைந்து கொடுக்கும்; ஆறினால் விரிசல் விடும்; துவையல் ஊறினால் கிழியும். ஆகவே டாக்கோ தோசையின் இனத்தைச் சேர்ந்தது. அடுப்புக்கும் வாய்க்கும் இடையிலான தொலைவு கூடக்கூட அது தன் இயல்பை இழக்கிறது.

புரிட்டோ அவ்வாறன்று. வட மெக்சிகோவில் தோன்றி அமெரிக்காவில் பருத்து வளர்ந்த இவ்வுணவில், பெரிய கோதுமை ரொட்டிக்குள் சோறும் அவரையும் இறைச்சியும் வைக்கப்பட்டு, நாற்புறமும் மடித்து, அலுமினியத் தாளில் இறுகச் சுற்றப்படுகின்றன. ஸ்பானிய மொழியில் ‘புரிட்டோ’ என்பதற்குச் ‘சிறு கழுதை’ என்று பொருள். பொதி சுமக்கும் விலங்கின் பெயரைக் கொண்ட இந்த உணவு, தானே ஒரு பொதியாகப் பயணம் செய்கிறது. இதனை மெக்சிகோவின் கட்டுச்சோறு என்று அழைப்பது பொருந்தும். ஒரே உணவகத்தில் அமர்ந்து டாக்கோவும், வீட்டுக்குப் புரிட்டோவும் வாங்கும் வாடிக்கையாளர், அறிந்தோ அறியாமலோ, சரியான இலக்கணத்தைப் பின்பற்றுகிறார்.

பெட்டிச் செய்தி: மெக்சிகோவிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவரை

• மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் ஆகியவை மெக்சிகோவிலும் அதை ஒட்டிய நிலப்பகுதிகளிலும் பண்படுத்தப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் இந்தியாவை அடைந்தது.

• அதற்குமுன் தமிழரின் காரம் மிளகே; மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் ‘மிளகாய்’ ஆயிற்று.

• ‘சப்போட்டா’ என்னும் பெயர், மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல்லான ‘ட்சப்பொட்ல்’ என்பதிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது.

• மெக்சிகோவின் மரபுச் சமையலை 2010இலும், சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இலும் யுனெஸ்கோ அமைப்பு மனிதகுலத்தின் அருவ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் சமையலோடு கூடி உண்ணும் வழக்கத்தையும் போற்றிய அங்கீகாரங்கள்.

மேசைகள் மூடப்பட்ட மாதங்கள்

பொட்டலம் பக்கவாட்டு வேலையாக இருந்த நிலையை 2020 தலைகீழாக்கியது. கொவிட்-19 பரவலை முறியடிக்க அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் உணவகங்களில் அமர்ந்து உண்பது தடை செய்யப்பட்டு, ஜூன் 19ஆம் தேதிதான் ஐந்து பேர் வரம்புடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2021இல் மே 16இலிருந்தும் ஜூலை 22இலிருந்தும் இருமுறை அதே தடை திரும்பியது. மேசையை மட்டுமே நம்பிய உணவகம், ஒரே இரவில் பொட்டலத்தை மட்டுமே நம்பும் உணவகமாக மாறவேண்டியிருந்தது. வாழையிலையைப் பெயரிலேயே தாங்கிய கடைகளும் இலையின்றி இயங்கின.

நெருக்கடி நீங்கியபின்னும் பழக்கம் நீங்கவில்லை என்பதே அதன் நிலையான விளைவு. அலுவலகத்தார் மதியப் பொட்டலத்துக்கும், குடும்பங்கள் இரவு உணவு வீட்டு வாசலுக்கு வருவதற்கும் பழகிவிட்டனர். உணவகங்களும் தம் உணவுப் பட்டியலைத் தொடுதிரைக்கு ஏற்பச் சுருக்கி, முகப்பில் பெட்டிகள் அடுக்க இடம் ஒதுக்கி, பரிமாறுவோரின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டன.

பொட்டலத்தின் உண்மை விலை

கைப்பேசிச் செயலிவழி வரும் ஒவ்வோர் ஆணைக்கும் உணவகம் விநியோக நிறுவனத்துக்குத் தரகு செலுத்துகிறது. அது விற்பனை விலையில் ஏறத்தாழ 30 விழுக்காடுவரை செல்வதுண்டு. பத்து வெள்ளி உணவில் மூன்று வெள்ளி தரகாகப் போனால், எஞ்சிய ஏழில் அரிசி, எண்ணெய், வாடகை, சம்பளம், பெட்டி ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். ஆகவே கடை செயலியில் விலையை உயர்த்துகிறது, இல்லையேல் அளவைக் குறைக்கிறது. இரண்டுமே இறுதியில் உண்பவரையே வந்தடைகின்றன. பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடாக உயர்ந்ததும், வாடகையும் ஆள்பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டதும், அதே ஆண்டில் சிங்கப்பூரில் 3,000க்கும் மேற்பட்ட உணவு, பானத் தொழில்கள் மூடப்பட்டதற்கான பின்னணியாகும்.

ஆள்பற்றாக்குறை இலைச்சாப்பாட்டை நேரடியாகத் தாக்குகிறது. பொட்டலம் கட்ட ஒருவர் போதும். ஆனால் வரிசை தவறாமல் பரிமாறப் பலர் வேண்டும். 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் வரவழைக்க வழி திறக்கப்பட்டது அடுப்படிக்குத் துணைசெய்தது. மேசைக்கு அது பொருந்தவில்லை. பரிமாறுவோர் குறையக் குறைய, சோறும் கறிகளும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டு, இலையில் உண்பதும் பொட்டலத்தை இலையில் பிரித்து வைத்ததுபோல் ஆகும் இடர் எழுகிறது.

உணவைச் சுமந்து செல்வோரின் நிலையும் கணக்கில் கொள்ளத்தக்கது. 2019 நவம்பரில் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்கள் தடை செய்யப்பட்டபோது விநியோகத்தை நம்பி வாழ்ந்த பலர் மிதிவண்டிக்கு மாற நேர்ந்தது. செயலி நிறுவனங்களுக்காக உழைப்போரை ஊழியருக்கும் சுயதொழில் செய்வோருக்கும் இடைப்பட்ட தனிப் பிரிவாக ஏற்று, வேலையிடக் காய இழப்பீட்டையும் மத்திய சேமநிதிப் பங்களிப்பையும் வலுப்படுத்திய சட்டம் 2025 ஜனவரி 1இல்தான் நடப்புக்கு வந்தது. கொட்டும் மழையில் வந்து சேரும் சூடான பொட்டலத்துக்குப் பின்னால், அந்த மழையில் நனைந்த ஒருவர் இருக்கிறார்.

எஞ்சுவது குப்பை. ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்பட்டால், ஒரு பெட்டி, மூன்று நான்கு சிறு பைகள், ரப்பர் வளையங்கள், கரண்டி, வெளிப்பை எனப் பல பொருள்கள் அரைமணி நேரப் பயனுக்குப்பின் வீசப்படுகின்றன. உணவெச்சம் ஒட்டிய நெகிழி மறுபயனீட்டுக்கும் உதவுவதில்லை. சிங்கப்பூரின் ஒரே குப்பை நிரப்பிடமான செமாகாவ் தீவு 2035ஆம் ஆண்டளவில் நிறைந்துவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது. 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு கட்டணம் விதிக்கப்படும் நகரத்தில், இலைச்சாப்பாடு விட்டுச் செல்வதோ மடித்த ஓர் இலை மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமையின் இலை

வசதிக்காகப் பொட்டலம் வாங்குவோர் ஒருபுறமிருக்க, வேறு வழியின்றிப் பொட்டலத்தில் வாழ்வோர் மற்றொருபுறம் உள்ளனர். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் பணிபுரியும் தமிழகத்து, வங்கதேசத்து ஊழியர்களில் பெரும்பாலோர், மாதக் கட்டணத்துக்கு உணவளிக்கும் நிறுவனங்களின் பொட்டலங்களையே உண்கின்றனர். நள்ளிரவுக்குப்பின் சமைக்கப்பட்டு, விடியுமுன் தங்குவிடுதியில் வைக்கப்படும் மதிய உணவு, வெயிலில் காத்திருந்து, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கப்படுகையில் சில நாள்களில் புளித்துப்போயிருப்பதை ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். அறைவெப்பத்தில் இருக்கும் சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ணவேண்டும் என்பது சிங்கப்பூரின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டல். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ்வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகுவதே அதன் காரணம். நான்கு மணிக்குக் கட்டிய சாம்பார்ச் சோறு பன்னிரண்டு மணிக்கு உண்ணப்படும்போது அந்த வரம்பு இருமடங்காக மீறப்படுகிறது. கட்டுச்சோற்றின் இலக்கணம் அறிந்த எவரும் சாம்பாரை அவ்வாறு கட்டமாட்டார்; புளியோதரையையே கட்டுவார்.

இதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா நிரம்பி வழிகிறது. ஆறு நாள் ஆறிய சோறு உண்டவர், ஏழாம் நாள் சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் தேக்கா நிலையத்திலும் சூடான சோற்றின் முன் அமர்கிறார்; அவரிடம் ‘இன்னும் வைக்கட்டுமா?’ என்று ஒருவர் தமிழில் கேட்கிறார். 2020 ஏப்ரலில் தங்குவிடுதிகள் முடக்கப்பட்டபோது, 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒரு வேளையையும் இழந்து, மூன்று வேளையும் விநியோகிக்கப்பட்ட பொட்டலங்களையே உண்டனர். 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர்வரை வெளியே அழைத்துச் செல்லும் சோதனை முயற்சி தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் லிட்டில் இந்தியாவும் இருந்தது. 2022 ஜூனில், விடுதியைவிட்டு வெளியே செல்லப் பொதுவாகத் தேவைப்பட்ட அனுமதி நீக்கப்பட்ட பின்னும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் அனுமதி தேவைப்பட்ட நான்கு இடங்களுள் அதுவும் ஒன்று. அத்தனை பேர் ஒரே நாளில் நாடி வரும் இடம் அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

பொட்டலத்தை ஒழிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் அது பெருந்துணை. வேண்டுவது, பொட்டலத்தைப் பொட்டலமாகவும் இலையை இலையாகவும் நடத்துவதே. உணவகங்கள் எடுத்துச் செல்வதற்கெனத் தனிப் பட்டியல் ஒன்றை அமைத்து, அதில் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, பிரியாணி போன்ற பயணம் தாங்கும் உணவுகளுக்கு முதலிடம் தரலாம். தோசையைக் காற்றோட்டமுள்ள காகிதத்தில் சுற்றித் தரலாம். மலாயில் ‘திங்காட்’ எனப்படும் அடுக்குப் பாத்திரம் இவ்வூருக்குப் புதியதன்று என்பதால், சொந்தப் பாத்திரம் கொண்டுவருவோருக்கு விலையில் சிறு சலுகை வழங்கினால், பெட்டிக்கு 20, 30 காசு வாங்கும் நிலையும் குப்பையும் ஒருங்கே குறையும்.

வாசகர்கள் செய்யத்தக்கதும் எளியது. தோசையோ டாக்கோவோ மனத்தில் இருந்தால் கடைக்கே சென்று அமருங்கள். வீட்டுக்கு வாங்கும் நாளில் பயணம் தாங்கும் உணவைக் கேளுங்கள். தொலைவு குறைவாக இருந்தால் நடந்து சென்று நீங்களே வாங்கி, தரகாகப் போகும் பணம் கடைக்காரரிடமே இருக்கச் செய்யுங்கள். ஊழியர்களுக்கு உணவு ஏற்பாடு செய்யும் முதலாளிகள் செய்யவேண்டியது இவையனைத்திலும் முதன்மையானது: மதியச் சோற்றை விடியற்காலையில் கட்டும் வழக்கத்தை நிறுத்தி, வேலையிடத்துக்கே சூடாக, நான்கு மணி நேர வரம்புக்குள் அது வந்து சேர வழிசெய்ய வேண்டும். இந்நகரின் கட்டடங்களை எழுப்பும் கைகள் ஆறு நாளும் சூடான சோற்றைப் பிசையும் நிலை வரவேண்டும்.